விரல் மரத்துப் போனால் மறைக்கலாமா?

இரவு இரண்டு மணி. மலையெங்கும் பனி இறங்கிவிட்டது. லயத்து வீட்டில் எல்லாரும் கம்பளிக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள். அம்மா மட்டும் எழுந்து உட்கார்ந்து, வலது கையை உதறிக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா?" என்று மகள் தூக்கக் கலக்கத்தில் கேட்கிறாள்.

"ஒண்ணுமில்லடி. கை மரத்துப் போச்சு. நீ தூங்கு."

விடிந்ததும் அந்தக் கையில் கொஞ்சம் தைலம் தேய்த்துக்கொண்டு, கூடையையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுகிறாள். இரவு நடந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை.

அன்பு வாசகர்களே, இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதா? ரிங்லெட் பக்கமோ, ஹாபுவிலோ, சுங்கை பாலாஸிலோ கொழுந்து மலையில் உழைத்த குடும்பமென்றால் உங்கள் அம்மாவோ, அத்தையோ, ஏன் நீங்களேயோ இப்படி நள்ளிரவில் கையை உதறியிருக்கலாம். 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல், கேமரன் மலையின் பச்சை விரிப்பு கைகளால் வளர்ந்த விரிப்புதான். அன்று விரல் நுனியால் கிள்ளினார்கள். பிறகு பை கட்டிய கத்தரி வந்தது. இருவர் பிடித்து ஓட்டும் இயந்திரமும் வந்தது. கருவி மாறினாலும் பாரம் சுமப்பது அதே மணிக்கட்டுதான்.

கை மரத்துப் போவதை ஏன் மறைக்கிறோம்? மூன்று பயங்கள். 'வாதம் வந்துவிட்டதோ' என்பது முதல் பயம். 'வேலைக்கு ஆகாதவள் என்று சொல்லிவிடுவார்களோ' என்பது இரண்டாவது. 'பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைப்பார்களாம், ஊசியால் குத்துவார்களாம்' என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் இன்று எடுத்து வைத்துப் பேசுவோம். அதற்கு முன், சொல்வதால் என்ன நன்மை என்பதைக் காட்ட, நம்மைப் போன்றவர்கள் வாழும் இன்னொரு தேயிலை மலைக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

இலங்கை மலையகத்தில் நடந்தது

1977, 78ஆம் ஆண்டுகள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பத்துச் சிறு பெண்கள் சிலருக்குக் கால் தளர்ந்தது. கெண்டைக்கால் வலித்தது; பாதம் தொங்கிப் போனது; நடந்தால் தடுக்கியது. பின்னர் கையிலும் பலம் குறைந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். எல்லாரும் அப்போதுதான் வயதுக்கு வந்த குமரிப் பெண்கள்!

இதில்தான் துப்பு இருந்தது. ஒரே லயம், ஒரே தண்ணீர், ஒரே அரிசி. அண்ணன் தம்பிகளுக்கு ஒன்றுமில்லை. பெண்ணுக்கு மட்டும் ஏன் கால் விழுந்தது? அவளுக்கு மட்டும் கொடுத்தது என்ன?

தாய்மார்களே, உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கும். பூப்பெய்திய பெண்ணுக்கு இடுப்பு பலம் பெற வேண்டுமென்று நாம் என்ன கொடுக்கிறோம்? நல்லெண்ணெய். அன்போடு கொடுத்த அந்த எண்ணெயில்தான் நஞ்சு கலந்திருந்தது. ட்ரை கிரெசில் பாஸ்பேட் என்பது அதன் பெயர். இயந்திர எண்ணெய்களில் சேர்க்கப்படும் ரசாயனம் அது. நிறமும் மணமும் காட்டிக் கொடுக்காது. முன்பு இயந்திர எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டு வந்தபோது கலந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. வீட்டில் மற்றவர்களுக்குத் தாளிக்கும் அளவுதான் எண்ணெய். பெண்ணுக்கோ நாள்தோறும் குடிக்கும் அளவு.

டாக்டர் நிமல் சேனநாயக்க, டாக்டர் ஜே. ஜெயரத்னம் ஆகிய இருவரும் 1981ஆம் ஆண்டு 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் இதை எழுதி உலகுக்குச் சொன்னார்கள். சேனநாயக்க இந்தப் பெண்களின் நரம்புகளை மின்கருவி கொண்டு சோதித்து, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தும் எழுதினார்.

இது இலங்கைக்கு மட்டும் வந்த துன்பமல்ல. 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாறு கலந்த மதுவில் இதே நஞ்சு இருந்ததால் ஆயிரக்கணக்கானோர் கால் விழுந்து போனார்கள். 1959இல் மொரோக்கோ நாட்டின் மெக்னெஸ் நகரில், விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயை உண்டு ஏறத்தாழ 10,000 பேர் முடமானார்கள்.

இந்த நஞ்சுக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. உண்டவுடன் நரம்பைத் தாக்குவது தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் கால் தளரும். அதற்குள் என்ன சாப்பிட்டோம் என்பதே மறந்துவிடும். ஆகவே, மின்கருவி 'நரம்பு கெட்டிருக்கிறது' என்று சொல்லலாம். 'எண்ணெயால் கெட்டது' என்று அது சொல்லாது. அதை வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்களை வீட்டு மூலையில் உட்கார வைத்து, 'செய்வினை' என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தால் எண்ணெயின் குற்றம் வெளியே வந்திருக்குமா? இன்னும் எத்தனை வீட்டுப் பெண்களுக்கு அதே எண்ணெய் போயிருக்கும்!

சோதனையும் வேண்டும், வாய் திறந்து சொல்லும் சொல்லும் வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

எந்த விரல் என்று பாருங்கள்

இனி நம் கைக்கு வருவோம். நரம்பு என்பது மின்கம்பி போன்றது. உள்ளே செய்தி ஓடும் இழைகள். அவற்றைச் சுற்றி உறை. கம்பி எங்கே நசுங்குகிறதோ, அதற்கு அப்பால் விளக்கு மங்கும். அதுபோல எந்த இடம் மரக்கிறது என்பதை வைத்தே எந்த நரம்பு, எங்கே சிக்கியது என்று டாக்டர் பாதி கண்டுபிடித்துவிடுவார். ஆகவே 'கை மரக்குது' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். விரல் விரலாகப் பாருங்கள்.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரக்கிறதா? இரவில் அதிகமா? உதறினால் குறைகிறதா? அப்படியானால் மணிக்கட்டில் உள்ள குறுகிய வழியில் நரம்பு நசுங்கியிருக்கலாம். டாக்டர்கள் இதைக் கார்ப்பல் டனல் என்பார்கள். ஓயாமல் கையை மடக்கி நிமிர்த்துவது, இறுக்கிப் பிடிப்பது, அதிரும் இயந்திரத்தைப் பிடிப்பது ஆகியவை இதற்கு வழிவிடும். கர்ப்பிணிகளுக்கும், நீரிழிவும் தைராய்டு குறையும் உள்ளவர்களுக்கும் இது வரும். நம் கதையின் அம்மாவுக்கு இதுவாகவே இருக்கலாம். பக்கவாதம் இப்படி இரவுதோறும் வந்து, உதறினால் போவதில்லை. ஆக, முதல் பயத்தில் பாதி இங்கேயே கழிந்தது.

சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் மட்டும் மரக்கிறதா? முழங்கையில் நரம்பு அழுந்தியிருக்கலாம்.

இரண்டு பாதங்களும் காலுறை போட்டது போல மரக்கிறதா, எரிகிறதா? முதலில் இரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். காலில் முள் குத்தியது தெரியாமல் புண்ணாகிப் போனவர்கள் நம்மிடையே குறைவா?

கழுத்திலிருந்து கைக்கு மின்னல் போல் வலி இறங்குகிறதா? கழுத்தெலும்பில் நரம்பு அழுந்தியிருக்கலாம்.

தோலில் வெளுத்த அல்லது சிவந்த படை இருந்து, அந்த இடத்தில் தொட்டால் தெரியவில்லையா? வெட்கப்படாமல் காட்டுங்கள். தொழுநோயும் நரம்பைத் தாக்கும் நோயே. 1930இல் சுங்கை பூலோவில் தனிக் குடியிருப்பு அமைத்து நோயாளிகளைப் பிரித்து வைத்த காலம் போய்விட்டது. இன்று மாத்திரையால் முற்றிலும் குணமாகும். தாமதித்தால்தான் விரல்கள் மடங்கிப் போகும்.

'கரண்ட்' சோதனை என்றால் என்ன?

ரிங்லெட் கிளினிக்கிலோ, தானா ராத்தா ஆஸ்பத்திரியிலோ டாக்டர் முதலில் செய்வது எளிய சோதனைதான். மணிக்கட்டைத் தட்டிப் பார்ப்பார். ஒரு நிமிடம் மடக்கி வைக்கச் சொல்வார். பஞ்சாலும் ஊசி முனையாலும் தொட்டுக் கேட்பார். முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டுவார். பலருக்கு இதுவே போதும். ஐயம் இருந்தால்தான், அல்லது அறுவைச் சிகிச்சை பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தால்தான், ஈப்போ போன்ற நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புவார்.

அங்கே நடப்பது இரண்டு சோதனைகள்.

முதலாவது, நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளப்பது. விரலிலும் கையிலும் சிறு வட்டுகளை ஒட்டுவார்கள். மணிக்கட்டிலும் முழங்கையிலும் நொடிப்பொழுது சிறு மின்துடிப்புக் கொடுப்பார்கள். 'சுளீர்' என்று இருக்கும். விரல் தானாகத் துள்ளும். அவ்வளவுதான். அந்த மின்சாரம் நரம்பைக் கெடுக்காது. நலமான கை நரம்பில் செய்தி வினாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டருக்குக் குறையாமல் ஓடும். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர்! தாப்பாவிலிருந்து மலையேறும் வளைவுச் சாலையில் எந்தக் காராவது அந்த வேகத்தில் வர முடியுமா? மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருந்தால், அந்த இடத்தில் மட்டும் வண்டி மெதுவாகும். கருவி அதைக் காட்டிவிடும்.

இரண்டாவது, தசையின் மின்னோட்டத்தைக் கேட்பது. சுருக்கமாக இ.எம்.ஜி. மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்துவார்கள். இந்த ஊசியில் மருந்துமில்லை, மின்சாரமுமில்லை. அது காது போன்றது. ஓய்வாக இருக்கும் நல்ல தசை மௌனமாக இருக்கும். நரம்பின் துணையை இழந்த தசையோ தானாகத் துடிக்கும். அந்தத் துடிப்பு ஒலிபெருக்கியில், லயத்துத் தகரக் கூரையில் மழைத்துளி விழுவது போலக் கேட்கும். எட்கர் ஏட்ரியனும் டெட்லெவ் பிராங்கும் 1929இல் இதற்கேற்ற ஊசியை உருவாக்கினார்கள். நம் மலையில் போ தோட்டம் பிறந்த அதே ஆண்டு! வலிக்குமா என்றால், கொஞ்சம் வலிக்கும். மருந்தூசி போட்டுக்கொண்ட யாராலும் தாங்க முடியும். ஓரிரு நாள் அந்த இடம் கன்றியிருக்கலாம்.

இரண்டு சோதனையும் எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. பலருக்கு முதலாவதோடு முடிந்துவிடும்.

மலைக் குளிரை மறவாதீர்கள்

கேமரன் மலைவாசிகள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கை குளிர்ந்திருந்தால் நரம்பின் வேகம் குறையும். தோலின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் குறையும். விடியற்காலைக் குளிரில் புறப்பட்டு, பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, சில்லென்ற கையோடு நீட்டினால், நோயில்லாத நரம்பும் நோயுள்ளது போலத் தோன்றக்கூடும். ஆகவே கையை மூடிக்கொண்டு போங்கள். குளிர்ந்திருந்தால் அங்கே சொல்லுங்கள். சூடேற்றிய பின் சோதிப்பார்கள்.

இன்னும் சில குறிப்புகள்: அன்று கைகால்களில் எண்ணெயோ தைலமோ தடவாதீர்கள், வட்டுகள் ஒட்டாது. மோதிரம், வளையல்களைக் கழற்றி வீட்டில் வையுங்கள். பட்டினி கிடக்கத் தேவையில்லை. வழக்கமான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

'ஒன்றுமில்லை' என்று வந்தால்?

இவ்வளவு தூரம் போய் வந்து, 'சோதனையில் குறை தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தால் சிலருக்குக் கோபம் வருகிறது. 'அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா?' என்று கேட்கிறார்கள். அப்படியில்லை.

வேகச் சோதனை பெரிய இழைகளைத்தான் அளக்கும். எரிச்சலையும் சூட்டையும் சுமக்கும் மிகச் சிறிய இழைகள் கெட்டிருந்தால் அதில் தெரியாது. மணிக்கட்டு நெருக்கம் தொடக்க நிலையில் இருந்தாலும் தெரியாமல் போகலாம். காயம் பட்டவுடன் ஊசிச் சோதனை செய்தாலும் அப்படியே; தசை துடிக்கத் தொடங்க இரண்டு மூன்று வாரமாகும். குறையில்லை என்ற தாள் உங்களைப் பொய்யர் ஆக்குவதில்லை. பெரிய நரம்பு இன்னும் கெடவில்லை என்ற நல்ல சேதியை அது சொல்கிறது. தொல்லை தொடர்ந்தால் அதே தாளோடு மறுபடி போங்கள்.

குறை தெரிந்தால் உலகம் முடிந்துவிடாது. மணிக்கட்டு நெருக்கத்துக்கு இரவில் பட்டை கட்டுவது, ஊசி மருந்து, தேவைப்பட்டால் சிறு அறுவை என்று வழிகள் உண்டு. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் கால் நரம்பு மேலும் கெடாமல் காக்கலாம். ஆனால், நரம்பு மெதுவாக வளரும் பயிர். வெட்டுப்பட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், மாதத்துக்கு ஓரங்குலம். கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப்போன பிறகு ஓடினால் முழுப் பலமும் திரும்பாமல் போகலாம். ஆகவேதான் முன்கூட்டியே போகச் சொல்கிறோம்.

வேலை பற்றிய பயம்

குடும்பத் தலைவர்களே, இது உங்களுக்கும்தான். மறைத்து வைத்த நோய் வேலையைக் காப்பாற்றுவதில்லை. பொருளைப் பிடிக்க முடியாமல் கத்தரி நழுவும் நாளில் வேலையும் நழுவும்.

1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடக்கும் பெர்கேசோ, வேலையில் நேரும் விபத்துக்கு மட்டுமல்லாமல், வேலையால் வரும் நோய்க்கும் பாதுகாப்புத் தருகிறது. நம்மோடு மலையில் உழைக்கும் வங்காளதேசத்து, நேப்பாளத்துத் தோழர்களும் 2019 முதல் இதன் வேலைப் பாதிப்புத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் உங்கள் கையின் கதை டாக்டரின் ஏட்டில் ஏறாவிட்டால், பின்னால் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? எத்தனை ஆண்டு, எந்தக் கருவி, நாளுக்கு எத்தனை மணி நேரம், எப்போது தொல்லை தொடங்கியது என்பதையெல்லாம் சொல்லி எழுத வையுங்கள். சீட்டுகளை ஒரு பையில் பத்திரப்படுத்துங்கள். மலாயில் பேசத் தயங்கும் பெரியவர்களோடு பள்ளி முடித்த பிள்ளைகள் துணைக்குப் போகலாமே!

மருந்தடிப்பவர்கள் என்ன மருந்து அடித்தோம் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். டப்பாவின் சீட்டைப் படமெடுத்துக் கொண்டு போங்கள். பூச்சிமருந்து நஞ்சேறித் தேறியவருக்கு ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல், மூச்சு வாங்கத் தொடங்கலாம். சேனநாயக்கவும் டாக்டர் லக்ஷ்மன் கரலியத்தவும் இலங்கையில் கண்டு 1987இல் எழுதிய உண்மை இது. 'பிழைத்துவிட்டார்' என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மருந்து டப்பாவிலோ இயந்திர எண்ணெய்ப் பீப்பாயிலோ சமையல் எண்ணெயையோ குடிதண்ணீரையோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். பெண் பிள்ளைக்கு நல்லெண்ணெய் கொடுப்பதானால், மூடி முத்திரை உடையாத புட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு பக்கக் கைகால் திடீரென விழுவது, கால் தளர்ச்சி நாளுக்கு நாள் மேலேறுவது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது. இவற்றில் எது வந்தாலும் உடனே 999ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மறுபடியும் அந்த நள்ளிரவுக்கு வருவோம். அம்மா கையை உதறுகிறாள். "ஒண்ணுமில்லடி" என்கிறாள். மகளே, அந்தப் பதிலோடு நீ போர்வையை இழுத்துக்கொள்ளாதே. எழுந்து விளக்கைப் போடு. அந்தக் கையை வாங்கி உன் மடியில் வைத்துக்கொள். எந்த விரல் என்று கேள். எத்தனை நாளாக என்று கேள். ஒரு தாளில் எழுதி வை. விடிந்ததும் கூடையை வாங்கி வைத்துவிட்டு, அம்மாவோடு கிளினிக்குக்கு நட.

நமக்கெல்லாம் சோறு போட்ட கை அது. அதற்கு ஒரு நாள் விடுப்புக் கூடவா தரக்கூடாது?